மெத்தனால் எரிபொருள்: எஞ்சினுக்கு ஏற்றது, கைக்கு ஆகாதது

ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமத்தில் நவரைப் பட்ட நெல் சாகுபடி பற்றிய விவசாயிகள் கூட்டம் நடந்தது. விதை நேர்த்தி பற்றிப் பேசி முடித்ததும் ஒரு விவசாயி எழுந்து, "ஐயா, ரோட்டுல டேங்கர் லாரியிலே கம்பெனிகளுக்குப் போகுதே மெத்தனால், அதுவும் பங்க்குல பெட்ரோல்ல கலக்குற எத்தனாலும் ஒண்ணுதானே? அதை வண்டிக்கு ஊத்தலாம்னு சொல்றாங்களே. ரெண்டு கேன் கிடைச்சா பவர் ஸ்பிரேயர்ல ஊத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பலரும் அதே சந்தேகத்துடன் என்னைப் பார்த்தார்கள்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதி இன்று வாகன உற்பத்திக்குப் பெயர் பெற்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் உற்பத்தியாகின்றன. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் தொழிற்சாலைகள் உள்ளன. வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில் இருக்கிறது. இவற்றுக்கு நடுவே இன்னும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது. ஆகவே இத்தகைய கேள்வி இங்கே எழுவது இயற்கையே. அன்று அவருக்குச் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாகத் தருகிறேன்.

எத்தனால் வேறு, மெத்தனால் வேறு

பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். குணத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எத்தனால் என்பது கரும்புச் சாறு, கரும்பு ஆலைக் கழிவுப்பாகு, மக்காச்சோளம், நொய்யரிசி ஆகியவற்றை நொதிக்க வைத்துக் காய்ச்சி வடிப்பது. இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலந்திருப்பது இதுவே.

மெத்தனாலுக்கு மரச் சாராயம் என்றும் பெயர் உண்டு. முற்காலத்தில் மரத்தைக் காற்றுப் புகாத கலத்தில் இட்டுச் சுட்டு, வரும் ஆவியைக் குளிர வைத்து இதை எடுத்தார்கள். 1923-ல் ஜெர்மனியில் வாயுக்களிலிருந்து பெருமளவில் தயாரிக்கும் முறை வந்தது. இப்போது பெரும்பாலும் இயற்கை எரிவாயு அல்லது நிலக்கரியிலிருந்து தயாரிக்கிறார்கள். முதலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு தயாராகிறது. அதைச் செம்பும் துத்தநாகமும் கொண்ட வினையூக்கியின் மேல், சுமார் 250 டிகிரி வெப்பத்திலும் மிகுந்த அழுத்தத்திலும் செலுத்தினால் மெத்தனால் கிடைக்கிறது. பிளைவுட் பசை, பெயிண்ட், மருந்து, ரசாயனத் தொழில்களுக்கு இது இன்றியமையாத பொருள். நம் நாட்டுத் தேவையில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது.

இரண்டும் நிறமற்றவை. வாசனையும் ஏறத்தாழ ஒன்றே. கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ எவராலும் இனம் பிரிக்க முடியாது. இதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

எஞ்சினில் எப்படி எரிகிறது?

பெட்ரோல் எஞ்சினைப் பொறுத்தவரை மெத்தனால் நல்ல எரிபொருளே. இதன் ஆக்டேன் எண் சுமார் 109. ஆகவே அதிக அழுத்த விகிதம் கொண்ட எஞ்சினிலும் 'டக்டக்' என்ற இடி ஓசை வராது. எடையில் பாதி ஆக்சிஜனே என்பதால் புகையும் கரியும் குறைவு. கந்தகம் இல்லை.

குறைகளும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. ஒரு லிட்டர் மெத்தனாலில் சுமார் 16 மெகாஜூல்தான். அதாவது பாதி. அதே வேலைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு எரிபொருள் வேண்டும். டேங்கும் பெரிதாக வேண்டும்.

அலுமினியம், துத்தநாகம் போன்ற உலோகங்களை இது அரிக்கும். சில வகை ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் ஊத வைத்துக் கெடுக்கும். ஆகவே மெத்தனாலுக்கென்றே செய்த உதிரிபாகங்கள் தேவை. குளிர் நாடுகளில் காலையில் எஞ்சின் கிளம்பாது என்ற குறை சொல்லப்படுகிறது. நம் காஞ்சிபுரம் சமவெளியின் மார்கழிக் குளிருக்கு அந்தத் தொல்லை பெரிதாக இராது.

டீசல் எஞ்சின் விஷயம் வேறு. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தின் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். மெத்தனால் அப்படி எளிதில் பற்றுவதில்லை. தவிர, டீசலுடன் தானாகக் கலப்பதும் இல்லை. தனிச் சேர்மானம் இல்லாமல் ஊற்றினால் இரண்டும் பிரிந்து நிற்கும். ஆகவே டிராக்டர், டீசல் பம்பு செட் ஆகியவற்றில் மெத்தனாலை ஊற்றுவது எஞ்சினைக் கெடுத்துக் கொள்வதே ஆகும்.

பவர் ஸ்பிரேயர் விஷயமும் கவனிக்கத் தக்கது. பல ஸ்பிரேயர்களில் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிறோம். அந்த ஆயில்தான் பிஸ்டனுக்கு வழவழப்பைத் தருகிறது. சாதாரண ஆயில் மெத்தனாலில் கரையாது. ஆமணக்கெண்ணெய் கரையும், அதனால்தான் மெத்தனாலில் ஓடிய பந்தய வண்டிகளில் ஆமணக்கெண்ணெயை உபயோகித்தார்கள். ஆயில் சேராத எரிபொருளில் ஸ்பிரேயரை ஓட்டினால் பிஸ்டன் இறுகி எஞ்சின் பாழாகும்.

கட்டுப்படியாகுமா?

15 சதவீதம் மெத்தனால் கலந்த பெட்ரோலுக்கு எம்-15 என்று பெயர். இதற்கு இந்தியத் தர நிர்ணயமும் உண்டு. விவசாயி தானே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது:

ஒரு லிட்டர் எம்-15-ல் 850 மில்லி பெட்ரோலும் 150 மில்லி மெத்தனாலும் உள்ளன. இதன் சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலை விடச் சுமார் 7½ சதவீதம் குறைவு. எத்தனால் கலவாத பெட்ரோலில் லிட்டருக்கு 50 கிலோ மீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிள், எம்-15-ல் சுமார் 46 கிலோ மீட்டர் ஓடும் என எதிர்பார்க்கலாம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், எம்-15 சுமார் 92 ரூபாய்க்குக் கீழ் கிடைத்தால்தான் வாங்குபவருக்கு இலாபம். தனி மெத்தனாலாக இருந்தால், அதன் சில்லறை விலை பெட்ரோல் விலையில் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். எந்தப் புது எரிபொருள் வந்தாலும் "லிட்டர் என்ன விலை?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "ஒரு கிலோ மீட்டருக்கு என்ன செலவு?" என்றும் கேட்டுப் பழக வேண்டும்.

மற்றொரு சிக்கல் தண்ணீர். மெத்தனால் ஈரத்தை இழுக்கும். எம்-15 கலவையில் சிறிது தண்ணீர் சேர்ந்தாலும் மெத்தனாலும் தண்ணீரும் அடியில் தங்கி, பெட்ரோல் மேலே நிற்கும். டேங்கின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போவது அந்தத் தண்ணீர்க் கலவைதான். இதைத் தடுக்கத் துணைப்பொருள் சேர்க்க வேண்டும்; பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழை நீர் இறங்காமல் காக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு இலக்காகும் நம் மாவட்டத்தில் இது சாதாரண வேலையல்ல.

எங்கே செய்து பார்த்தார்கள்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1980-களிலும் 1990-களிலும் 85 சதவீத மெத்தனாலில் ஓடும் கார்களை ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். கார்கள் நன்றாகவே ஓடின. ஆனால் பெட்ரோலும் தூய்மையாகி, விலையும் மலிந்ததால் அந்தத் திட்டம் நிற்கவில்லை. சீனாவில் நிலக்கரி மிகுந்த ஷான்சி போன்ற மாகாணங்களில் 2012-ல் மெத்தனால் வாகனச் சோதனை தொடங்கியது. 2019-ல் அந்நாட்டு அரசு அதை மேலும் ஊக்குவித்தது. அங்கே மெத்தனாலில் மட்டும் ஓடும் டாக்ஸிகள் உண்டு.

நம் நாட்டில் அஸ்ஸாம் மாநிலம் தின்சுகியாவில் 2022 ஏப்ரல் 30-ந் தேதி எம்-15 பெட்ரோல் சோதனை விற்பனை தொடங்கியது. அங்கே தொடங்கியதற்குக் காரணம் உண்டு. அருகிலேயே நாம்ரூப்பில் இயற்கை எரிவாயுவிலிருந்து மெத்தனால் தயாரிக்கும் தொழிற்சாலை இருக்கிறது. பெங்களூரில் 2023 மார்ச்சில் 15 சதவீதம் மெத்தனால் கலந்த டீசலில் நகரப் பேருந்துகளைச் சோதனையாக ஓட்டத் தொடங்கினார்கள். அதற்கெனத் தயாரித்த கலவை, தேர்ந்த மேற்பார்வை ஆகியவற்றுடன் நடந்த சோதனை அது.

கடலில் இதற்கு நல்ல எதிர்காலம் தெரிகிறது. 2023-ல் மெத்தனாலில் ஓடக்கூடிய முதல் சரக்குப் பெட்டகக் கப்பல் கடலுக்கு வந்தது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் 750 கன மீட்டர் கொள்ளளவு கொண்ட சோதனை நிலையத்திற்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே தமிழ்நாட்டில் மெத்தனால் எரிபொருள் முதலில் துறைமுகத்திற்கு வரவே வாய்ப்பு அதிகம்.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? தயாரிக்கும் இடம் அருகில் இருந்து, மூடிய குழாய் வழியாகப் பயிற்சி பெற்றவர் நிரப்பும் இடங்களில் மெத்தனால் நடைமுறைக்கு ஒத்து வருகிறது. சில்லறையாகக் கேனில் கை மாறும் இடங்களுக்கு இது ஒத்து வராது. காரணம் பின்வருவது.

தீ அபாயம்

தீயைப் பொறுத்தவரை மெத்தனால் சில வகையில் பெட்ரோலை விடப் பாதுகாப்பானது. மெதுவாக எரியும், வெளியாகும் வெப்பமும் குறைவு, தண்ணீருடன் கலக்கும். 1964-ல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் மோட்டார் பந்தயத்தில் பெட்ரோல் தீப்பிடித்து இரு ஓட்டுநர்கள் இறந்த பின், பந்தய வண்டிகள் மெத்தனாலுக்கு மாறியது இதனால்தான்.

ஆனால் அதே பந்தயத்தில் 1981-ல் இதன் மறுபக்கமும் தெரிந்தது. எரிபொருள் நிரப்பும்போது சிந்திய மெத்தனால் பற்றிக்கொண்டது. சுற்றி நின்றவர்களுக்குத் தீ கண்ணில் படவில்லை. மெத்தனாலின் சுடர் வெளிர் நீலம்; பட்டப்பகலில் தெரியாது. புகையும் இல்லை. எரிகிறது என்பது உடம்பில் சுடும்போதுதான் தெரியும்.

மற்றொன்று. மூடிய பெட்ரோல் கேனுக்குள் ஆவி மிகவும் அடர்த்தியாக இருப்பதால் சாதாரண வெப்பநிலையில் உள்ளே தீ பரவுவது அரிது. மெத்தனால் கேனுக்குள்ளோ ஆவியும் காற்றும் தீப்பற்றுவதற்கேற்ற அளவிலேயே இருக்கும். பாதி காலியான கேனின் வாயருகே பீடி நெருப்புப் பட்டால் கேன் வெடிக்கும். வாகனங்களில் இதற்கெனத் தீத்தடுப்பு வலை வைக்கிறார்கள். வீட்டுக் கேனில் அது ஏது?

நஞ்சு: முக்கிய அபாயம்

மெத்தனால் உடலுக்குள் சென்றால் கல்லீரலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கி, இரத்தத்தை அமிலமாக்குகிறது. 10 மில்லி உள்ளே போனாலே பார்வை போகலாம். 30 மில்லியில் உயிர் போனதுண்டு. தோல் வழியாகவும், அடைத்த அறையில் மூச்சு வழியாகவும் இது உடலில் ஏறும்.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்றுண்டு. உட்கொண்டவுடன் இலேசான போதை மட்டும் தெரியும். பிறகு 12 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் இல்லாதது போலவே இருக்கும். அதன் பின்னரே தலைவலி, வாந்தி, வயிற்று வலி, மேல் மூச்சு, கண் முன் வெள்ளைப் படலம் தோன்றும். அந்த நிலையில் தாமதம் உயிருக்கே உலை வைக்கும்.

இது நமக்குத் தூரத்துச் செய்தியல்ல. 2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் எக்கியார்குப்பத்திலும், நம் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் குடித்தது தொழிற்சாலை உபயோகத்திற்கான மெத்தனால் என்று போலீசார் தெரிவித்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்து பிழைத்தவர்கள். தமிழ்நாட்டில் மெத்தனாலை வாங்கவும், வைத்திருக்கவும், கொண்டு செல்லவும் 1959-ம் ஆண்டு விதிகளின்படி உரிமம் வேண்டும். கள்ளக்குறிச்சிக்குப் பின் மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகளும் கடுமையாக்கப்பட்டன.

நம் கிராமங்களில் இரண்டு பழக்கங்கள் இந்த அபாயத்தை வீட்டுக்குள் கொண்டு வருகின்றன.

ஒன்று, ரப்பர் குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் இறக்குவது. பெட்ரோலோ டீசலோ வாயில் பட்டால் உடனே துப்பி விடுவோம். நாற்றமும் எரிச்சலும் எச்சரிக்கும். மெத்தனாலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. ஒரு மடக்கு போதும்.

இரண்டு, தொழிற்சாலைகளிலிருந்து பழைய இரும்புக் கடைக்கு வரும் நீல நிற டிரம்களையும் வெள்ளைக் கேன்களையும் வாங்கி உபயோகிப்பது. மேற்சொன்ன கூட்டம் முடிந்ததும் ஒருவர் தம் வயலுக்கு அழைத்துப் போனார். மருந்து தெளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் டிரம்மைக் காட்டினார். பாதி கிழிந்த சீட்டில் எரியும் தீயும் மண்டை ஓடும் படமாக இருந்தன; பெயர் இருந்த பகுதி காணவில்லை. "கழுவிட்டுத்தான் ஐயா வெச்சிருக்கேன்" என்றார். அதிலேயே நடவுப் பெண்களுக்குக் குடிதண்ணீரும் கொண்டு வந்ததாகச் சொன்னார். என்ன இருந்தது என்று தெரியாத டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அது குடிதண்ணீருக்கு ஆகாது. அவர் அன்றே அதை அகற்றினார்.

நிலத்தில் சிந்தினால்?

மெத்தனால் மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்களால் சில நாட்களில் சிதைந்து விடும். பெட்ரோல் போல நெடுநாள் தங்காது. ஆனால் தண்ணீரில் முழுவதும் கரைவதால், லாரி கவிழ்ந்து ஏரியிலோ கிணற்றிலோ கலந்தால் மேலே மிதந்து காட்டிக்கொடுக்காது. அத்தகைய விபத்து நடந்தால் அதிகாரிகள் சோதித்துச் சொல்லும் வரை அந்த நீரைக் குடிக்கவோ, மாடுகளுக்குக் காட்டவோ கூடாது.

வைக்கோலுக்கு விலை கிடைக்குமா?

"வைக்கோலிலிருந்தும் மெத்தனால் எடுக்கலாமாமே?" என்று பலர் கேட்கிறார்கள். எடுக்கலாம். காய்ந்த தாவரப் பொருளைக் குறைந்த காற்றில் எரித்து வாயுவாக்கி மெத்தனால் செய்யலாம். நல்ல ஆலையில் 2 முதல் 2½ டன் காய்ந்த பொருளுக்குச் சுமார் 1 டன் மெத்தனால் கிடைக்கும்.

நாளொன்றுக்கு 100 டன் தயாரிக்கும் ஆலை என்று கொள்வோம். தினமும் 200 முதல் 250 டன் வேண்டும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்றால் தினம் 100 முதல் 125 ஏக்கர் வைக்கோல். ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 30,000 ஏக்கருக்கு மேல். நம் பகுதியில் வைக்கோல் கறவை மாட்டுத் தீவனம். அதை ஆலைக்கு அனுப்பினால் பால் உற்பத்திச் செலவு கூடும். மேலும் நெல் வைக்கோலில் சிலிக்கா மிகுதி; அதன் சாம்பல் உலையில் உருகிக் கட்டி தட்டும். சவுக்குக் கழிவு, சீமைக்கருவேல், மக்காச்சோளச் சக்கை போன்றவை இதற்கு மேலானவை. இன்றைய நிலையில் எரிபொருள் வழியாக விவசாயிக்கு வருமானம் தருவது எத்தனாலுக்குப் போகும் கரும்பும் மக்காச்சோளமுமே. மெத்தனாலை நம்பி யாரேனும் முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

விவசாயிகள் கவனத்திற்கு

1. டிராக்டர், பம்பு செட், ஸ்பிரேயர், மோட்டார் சைக்கிள் எதிலும் மெத்தனாலைத் தாமாக ஊற்றக் கூடாது. பிற்காலத்தில் எம்-15 பங்க்கில் கிடைத்தால், வண்டிக் கையேட்டில் அனுமதி உண்டா என்று பார்த்த பின்னரே போட வேண்டும்.

2. எந்த எரிபொருளையும் வாயால் உறிஞ்சி இறக்கக் கூடாது. சிறு கைப்பம்பு ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

3. தொழிற்சாலைப் பழைய டிரம், கேன்களைக் குடிதண்ணீர், தீவனம், தானியம் ஆகியவற்றுக்கு உபயோகிக்கக் கூடாது. அவற்றை வெல்டிங் வைத்து வெட்டுவதும் வெடி விபத்தில் முடியும்.

4. புங்கம், காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்வதற்கு மெத்தனால் தேவை. உரிமமும் முறையான பயிற்சியும் உள்ள நிலையங்களில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வீட்டில் கூடாது.

5. இன்றைய பெட்ரோலில் எத்தனால் இருப்பதால் அதுவும் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் பல வாரம் உபயோகிக்காத ஸ்பிரேயர், களை வெட்டும் கருவி ஆகியவற்றின் டேங்கைக் காலி செய்து வைக்க வேண்டும். ரப்பர் குழாய்கள் ஊதியிருந்தால் மாற்றி விட வேண்டும்.

6. டேங்கர் கவிழ்ந்தால் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. சிந்துவதைக் குடத்தில் பிடிக்கவே கூடாது. காற்று வீசும் திசைக்கு எதிரே விலகி நின்று 112-க்குத் தகவல் தர வேண்டும்.

7. தோலில் பட்டால் துணியைக் களைந்து 15 நிமிடம் தண்ணீரில் கழுவ வேண்டும். உள்ளே போனதாகச் சந்தேகம் வந்தாலே, நன்றாக இருந்தாலும் காத்திராமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. சாராயம் கொடுத்தால் முறியும் என்று வீட்டில் முயலக் கூடாது. முறிவு மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸும் மருத்துவர் கையில்தான் இருக்கின்றன. என்ன குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்வது உயிரைக் காக்கும்.

மெத்தனாலை எரிபொருளாக்கும் முயற்சி வீண் என்று சொல்வதற்கில்லை. கப்பலிலும், மேற்பார்வையுள்ள பேருந்துப் பணிமனையிலும் அது பயன்படட்டும். ஆனால் அது கேனில் ஏறி வயல் வரப்புக்கு வரத் தேவையில்லை. ஸ்பிரேயரில் ஊற்றலாமா என்று கேட்ட அந்த விவசாயி, ஊற்றிவிட்டுக் கேட்காமல், கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். தெரியாத பொருள் கைக்கு வரும்போதெல்லாம் அதுவே சரியான முறை.